ஃபீஸ் கணக்கு டேலி ஆகவில்லையா? ஏஐயிடம் இப்படி வேலை வாங்குங்கள்

செமஸ்டர் ஃபீஸ் கடைசித் தேதி முடிந்ததும் எங்கள் கல்லூரி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரே பாட்டுதான்: பேங்கில் பணம் வந்திருக்கிறது, யார் கட்டியது என்று தெரியவில்லை. குடியாத்தம், அணைக்கட்டுப் பிள்ளைகள் பலர் ஊரிலுள்ள நெட் சென்டரில் ரொக்கமாகக் கொடுத்துக் கட்டச் சொல்கிறார்கள். ஸ்டேட்மென்டில் வரிசையாகக் கடைக்காரர் பெயர். இல்லாவிட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மாமா பெயர். ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒவ்வொரு பேமென்டுக்கும் தனியாக வரும் ரெஃபரன்ஸ் நம்பரைப் பிடியுங்கள்.

யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பருக்கு 12 இலக்கம். எக்ஸெல் அதைச் சாதாரண எண்ணாக நினைத்து 4.5E+11 என்று சுருக்கிக் காட்டும், முன்னால் பூஜ்யம் இருந்தால் விழுங்கிவிடும். எனவே நம்பர் வரும் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

அடுத்து, ஏஐயிடம் காட்ட மாதிரிக்குப் பத்து வரி மட்டும் எடுங்கள். பெயர், போன், அக்கவுண்ட் நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ரெஃபரன்ஸ், ரிஜிஸ்டர் எண் இரண்டிலும் சில இலக்கங்களை மாற்றிவிடுங்கள். முழு ஸ்டேட்மென்டை அப்படியே ஏற்றுவது வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் விவரம் நம் வீட்டுச் சொத்து இல்லை.

இப்போது ஏஐயிடம் கேளுங்கள்: "முதல் ஷீட்டில் பேங்க் ரெஃபரன்ஸ், இரண்டாவதில் மாணவர் தந்த ரெஃபரன்ஸும் ரிஜிஸ்டர் எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் பொருத்தும் எக்ஸெல் ஃபார்முலா கொடு. நீ கூட்டிச் சொல்ல வேண்டாம்." கடைசி வரி முக்கியம். அது வாயால் கூட்டினால் சில சமயம் தப்பாகவும் கூட்டும், அதையும் அசராமல் சொல்லும். ஃபார்முலா என்றால் கணக்குப் போடுவது எக்ஸெல். ஆடிட்டர் கேட்டால் கட்டத்தைக் கிளிக் செய்து காட்டலாம். "ஏஐ சொன்னது சார்" என்றால் தணிக்கைத் தடைதான் (ஆடிட் அப்ஜெக்‌ஷன்) வரும்.

பொருந்தாத வரிகளைத் தேதியும் தொகையும் பார்த்துச் சேர்க்கலாமா என்று அதுவே கேட்கும். சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே வகுப்பில் முப்பது பேர் ஒரே நாளில் ஒரே தொகை கட்டியிருப்பார்கள், அதில் யாரை யாரோடு சேர்ப்பது? அவற்றை சஸ்பென்ஸில், அதாவது யாருடையது என்று தெரியும்வரை தனிக் கணக்கில், வையுங்கள். ரெஃபரன்ஸின் கடைசி நான்கு இலக்கம், தேதி, தொகை போட்டு டிபார்ட்மென்ட் போர்டில் ஒட்டினால் பிள்ளைகளே ரசீதோடு வருவார்கள். அந்த நோட்டீஸை ஏஐ நன்றாகவே எழுதித் தருகிறது; 'தங்களது மேலான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

பொருந்தியதும் பொருந்தாததும் சேர்ந்து ஸ்டேட்மென்டின் மொத்த வரவுக்குச் சமமாக வர வேண்டும். இதை நீங்களே கூட்டிப் பாருங்கள். பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி பேங்குக்கு அனுப்பும் சேவை) வழியாக வந்தது பல பேருடையது மொத்தமாக ஒரே வரியில் இருக்கும், அதற்கு கேட்வே ரிப்போர்ட்டைத் தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த செமஸ்டர் சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: கடையில் கட்டினாலும் யுபிஐ குறிப்பில் ரிஜிஸ்டர் எண்ணைப் போடச் சொல்ல வேண்டும்.