அமெரிக்காவில் புதுக் கார் வாங்குகிறீர்களா? பாகங்கள் எந்த நாட்டவை என்று சொல்லும் லேபிளைப் படிக்கும் முறை

அமெரிக்க ஷோரூமில் நிற்கும் புதுக் காரின் கண்ணாடியில் விலைத் தாள் ஒட்டியிருக்கும். எல்லோரும் விலையைப் பார்ப்போம், மைலேஜைப் பார்ப்போம். அதே தாளின் ஏதோ ஒரு மூலையில் 'பார்ட்ஸ் கன்டென்ட் இன்ஃபர்மேஷன்' என்ற தலைப்பில் சில வரிகள் இருக்கும். வண்டியின் பாகங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தன, வண்டி எங்கே பூட்டப்பட்டது என்பதைச் சொல்ல அமெரிக்கச் சட்டம் கேட்கும் வரிகள் அவை. இவற்றைத் தவறாகப் படிப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுதான்: லேபிளில் இரண்டு பாதிகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. மேல் பாதி அந்த மாடலின் எல்லா வண்டிகளுக்கும் பொது. கீழ் பாதி மட்டுமே உங்கள் முன் நிற்கும் வண்டியைப் பற்றியது.

லேபிள் எந்த வண்டியில் இருக்கும்

1992இல் வந்த அமெரிக்க ஆட்டோமொபைல் லேபிளிங் சட்டம், 1994 அக்டோபர் 1 முதல் தயாரான வண்டிகளுக்குப் பொருந்தும். நடைமுறை விதிகள் கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் தலைப்பு 49, பகுதி 583இல் இருக்கின்றன. பார்த்துக்கொள்வது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். கார், எஸ்.யூ.வி., வேன், பிக்அப் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் வண்டியின் உச்ச மொத்த எடை, அதாவது ஆளும் சரக்கும் ஏற்றிய நிலையில் தாங்கக்கூடிய எடை, 8,500 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். கிலோவில் ஏறக்குறைய 3,855. இந்த எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சான்றிதழ் ஸ்டிக்கரில் இருக்கும். செவர்லே சில்வராடோ 1500க்கு லேபிள் உண்டு, 2500 ஹெச்.டி.க்குக் கிடையாது என்றால் காரணம் இந்த எடை வரம்புதான். டீலர் எதையும் மறைக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கும் இந்த விதி இல்லை. ஆண்டுக்கு 1,000 வண்டிக்கும் குறைவாகச் செய்யும் சிறு நிறுவனங்கள் சதவீதங்களைப் போடாமல் விடலாம்.

கதவுகள் மூடியிருக்கும்போதே வெளியிலிருந்து படிக்க முடிகிற இடத்தில் லேபிள் இருக்க வேண்டும். மன்ரோனி ஸ்டிக்கர் எனப்படும் விலைத் தாளிலோ எரிபொருள் சிக்கனத் தாளிலோ சேர்ந்திருக்கலாம், தனியாகவும் ஒட்டலாம். வண்டி நுகர்வோருக்கு விற்கப்படும் வரை அதைக் காப்பது டீலரின் பொறுப்பு. கிழிந்தோ மங்கியோ போனால் அதே போன்ற வேறொன்றை அவர்தான் வாங்கி ஒட்ட வேண்டும். எனவே லேபிள் இல்லாத புதுக் கார் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

மேல் பாதி: மாடல் முழுவதற்கும் ஒரே கணக்கு

முதல் வரி அமெரிக்க/கனடா பாகங்களின் சதவீதம். இது பாகங்களின் எண்ணிக்கையை வைத்து வருவதல்ல, டாலர் மதிப்பை வைத்து வருவது. விதிகளில் 'கார்லைன்' என்று ஒரு சொல் உண்டு. ஒரே பெயரில், ஒரே மாதிரியான பாடியும் சேஸியும் கொண்ட வண்டிகளின் கூட்டம் அது. தோல் சீட்டா துணி சீட்டா, எந்த டிரிம் என்பதெல்லாம் கார்லைனைப் பிரிக்காது. மாடல் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் கணக்குப் போட்டு ஒரு சதவீதத்தை நிர்ணயிக்கும், அது அந்த ஆண்டு முழுவதும் நிற்கும். கிட்டத்தட்ட 5இன் மடங்குக்கு முழுமையாக்கிக்கொள்ளவும் அனுமதி உண்டு. 63 என்பது 65 ஆகலாம், 62 என்பது 60 ஆகலாம். ஆகவே 60க்கும் 65க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உண்மையில் அது ஒரே ஒரு புள்ளியாகக்கூட இருக்கலாம்.

அடுத்த வரி முக்கிய வெளிநாட்டு மூலங்கள். அமெரிக்கா, கனடா தவிர்த்து, பாக மதிப்பில் 15 சதவீதமோ அதற்கு மேலோ தரும் நாடுகள் மட்டும் இங்கே வரும். அதிலும் அதிகபட்சம் இரண்டு நாடுகள்தான். இந்த வரியே இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பாகமே இல்லை என்று நினைக்கக் கூடாது. எந்த நாடும் தனியாக 15ஐத் தொடவில்லை, அவ்வளவுதான். ஏழு நாடுகளிலிருந்து தலா 7 சதவீதம் வந்தால் மொத்தம் 49 சதவீதம். லேபிளில் அந்த ஏழில் ஒன்றின் பெயரும் இருக்காது. இதே காரணத்தால் லேபிளில் இருக்கும் சதவீதங்களைக் கூட்டினால் பெரும்பாலும் 100 வராது.

கனடா அமெரிக்காவோடு ஒரே எண்ணில் இருக்கிறது, மெக்ஸிகோ இல்லை. பலர் தடுமாறும் இடம் இது. 1965 வாகன ஒப்பந்தத்திலிருந்தே அமெரிக்க, கனடிய ஆலைகள் ஏறக்குறைய ஒரே தொழிலாக இயங்கிவந்தன. மெக்ஸிகோவைச் சேர்த்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1994 ஜனவரியில், லேபிள் சட்டமோ 1992இலேயே எழுதப்பட்டுவிட்டது. பிறகு 2020 ஜூலையில் வந்த அமெரிக்கா–மெக்ஸிகோ–கனடா ஒப்பந்தத்தில் வரிச் சலுகைக்கு 75 சதவீத வட்டார மதிப்பு வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் மெக்ஸிகோவும் உண்டு, லேபிள் கணக்கில் இல்லை. இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது

உள்ளே நடக்கும் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். வெளி சப்ளையரிடமிருந்து வரும் பாகத்தில் 70 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பு அமெரிக்கா அல்லது கனடாவில் சேர்ந்திருந்தால், அந்தப் பாகம் முழுவதையும் 100 சதவீதமாக எடுத்துக்கொள்கிறார்கள். 70க்குக் குறைந்தால், 5இன் மடங்குக்கு முழுமையாக்கி, உள்ள அளவுக்கே கணக்கில் சேர்க்கிறார்கள். சட்டம் வந்த புதிதில் 70க்குக் குறைந்த பாகம் சுழியமாகிவிடும். 1998 திருத்தம்தான் அதை மாற்றியது.

மூன்று பாகங்களை மட்டும் எடுத்து ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சீட் செட் 1,000 டாலர், அமெரிக்க மதிப்பு 72 சதவீதம். 70ஐத் தாண்டிவிட்டதால் 1,000 டாலரும் கணக்கில் ஏறுகிறது. முகப்பு விளக்கு ஜோடி 600 டாலர், அமெரிக்க மதிப்பு 64 சதவீதம். அது 65 ஆகி, 390 டாலர் ஏறுகிறது. வயரிங் ஹார்னஸ் 500 டாலர், அமெரிக்க மதிப்பு 20 சதவீதம். 100 டாலர் ஏறுகிறது. மொத்த மதிப்பு 2,100, அதில் 1,490 அமெரிக்க/கனடா. சதவீதம் 71, லேபிளில் 70 என்று போடலாம். முழுமையாக்கல் எதுவும் இல்லாமல் உள்ளபடி கணக்கிட்டால் 720, 384, 100 சேர்ந்து 1,204 டாலர்தான். அதாவது 57 சதவீதம். யாரும் ஏமாற்றவில்லை, விதி அப்படி. ஆனால் லேபிளில் 70 என்று பார்த்துவிட்டு, வண்டியில் பத்தில் ஏழு பங்கு இங்கே செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நிறுவனத்துக்கே சொந்தமான துணை நிறுவனம் செய்யும் பாகத்துக்கு இந்த 70 சதவீதச் சலுகை நேரடியாகக் கிடைக்காது. அந்தத் துணை நிறுவனம் வெளியிலிருந்து வாங்கிய வெளிநாட்டுப் பொருளின் விலையைப் பாகத்தின் விலையிலிருந்து கழித்துவிட்டு மீதியைத்தான் சேர்ப்பார்கள். நட்டு, போல்ட், கிளிப், ஸ்க்ரூ, பசை, எண்ணெய் போன்ற சில்லறைகளுக்கு யாரும் நாடு தேடி அலைய வேண்டியதில்லை, வண்டி பூட்டப்பட்ட நாட்டின் கணக்கில் சேர்த்துவிடலாம்.

லேபிளிலேயே ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கும்: இறுதி அசெம்பிளி, விநியோகம், பாகம் அல்லாத பிற செலவுகள் இதில் சேராது. இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். வண்டியைப் பூட்டும் ஆலையில் வேலை செய்பவர்களின் கூலி இந்தச் சதவீதத்தில் ஒரு சென்ட்கூட இல்லை. அமெரிக்க ஆலையில் ஆயிரக்கணக்கானோர் பூட்டிய வண்டிக்கும் குறைந்த சதவீதம் வரலாம், வேறு நாட்டில் பூட்டிய வண்டிக்கு அதைவிட அதிகமும் வரலாம். டீலர் பிறகு மாட்டும் மேட், ரூஃப் ரேக் போன்றவையும் கணக்கில் இல்லை. ஆலைக்கு வந்து அங்கே வண்டியில் ஏறிய பாகங்கள் மட்டுமே உண்டு.

கீழ் பாதி: உங்கள் வண்டி மட்டும்

இங்கே மூன்று விவரங்கள். இறுதி அசெம்பிளி நடந்த இடம், இன்ஜினின் நாடு, டிரான்ஸ்மிஷனின் நாடு. அசெம்பிளி இடத்துக்கு ஊர், நாடு, அமெரிக்கா என்றால் மாநிலமும் போட வேண்டும். இன்ஜினையும் டிரான்ஸ்மிஷனையும் எங்கே பூட்டினார்கள் என்பது இங்கே கேள்வியில்லை. அவற்றின் மதிப்பில் பெரும் பங்கு எந்த நாட்டில் சேர்ந்தது என்பதை வைத்துத்தான் நாடு போடுகிறார்கள். மின்சார வண்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேட்டரிக்கு இந்த லேபிளில் தனி வரி கிடையாது. வண்டியிலேயே விலை கூடிய பாகம் அது, ஆனாலும் அதன் நாடு மேல் பாதிச் சதவீதத்துக்குள் கரைந்துவிடுகிறது.

சில்வராடோ 1500ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன், மெக்ஸிகோவின் சிலாவ், கனடாவின் ஆஷாவா மூன்று ஊர்களிலும் தயாராகியிருக்கிறது. ஒரே டீலரின் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் மேல் பாதி ஒன்றுபோல இருந்து கீழ் பாதி வேறுபடலாம். ஒரு கார்லைன் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டில் பூட்டப்பட்டால், அமெரிக்க/கனடா ஆலையில் செய்த வண்டிகளுக்கான சதவீதத்தைக் கூடுதலாகப் போட நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. கட்டாயமில்லை.

வின் எண்ணோடு சரிபார்க்க

ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண்ணான வின் எண், ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் கீழ்மூலையில் இருக்கும். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்ஸிகோ. 7இல் தொடங்கும் அமெரிக்க வண்டிகளும் உண்டு. ஜே ஜப்பான், கே கொரியா, டபிள்யூ ஜெர்மனி. 11ஆவது இடத்தில் இருப்பது ஆலைக் குறியீடு. இதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதால் மனப்பாடம் செய்து பயனில்லை. பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வின் டிகோடர் இருக்கிறது. முழு எண்ணையும் உள்ளிட்டால் ஆலை இருக்கும் ஊர், நாடு வந்துவிடும். வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது சுழியம், நெட்டைக் கோடாகத் தெரிவது ஒன்று.

பல மாடல்களை ஒப்பிட ஷோரூம் ஷோரூமாக அலைய வேண்டாம். நிறுவனங்கள் கொடுத்த சதவீதங்களை நிர்வாகமே ஒவ்வொரு மாடல் ஆண்டுக்கும் பட்டியலாக வெளியிடுகிறது. அதன் தளத்தில் 'பகுதி 583 அறிக்கைகள்' என்று தேடுங்கள். பழைய ஆண்டுகளின் பட்டியலும் இருப்பதால், லேபிள் என்றோ உரிக்கப்பட்டுவிட்ட பயன்படுத்திய கார் வாங்குவோருக்கும் இதுவே வழி. பட்டியலைத் திறக்கும்போது மாடல் ஆண்டைச் சரியாகப் பாருங்கள், ஒரே பெயருக்கு ஆண்டுதோறும் எண் மாறும்.

கார் கடன் வட்டியும் இந்த லேபிளும்

2025 ஜூலை 4இல் சட்டமான வரித் திருத்தத்துக்குப் பிறகு கீழ் பாதியின் முதல் வரிக்குப் பண மதிப்பு வந்துவிட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கான புது வண்டியின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், 2025 முதல் 2028 வரையிலான வரி ஆண்டுகளுக்கு. வண்டியின் இறுதி அசெம்பிளி அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும். கடன் 2024 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும், வண்டியே அதற்கு அடமானமாக இருக்க வேண்டும். லீஸுக்கும் பயன்படுத்திய காருக்கும் கிடையாது. வருமானம் தனியருக்கு 1,00,000 டாலரையும், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,00,000 டாலரையும் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் கழிவில் 200 டாலர் குறையும்.

இதில் மேல் பாதிச் சதவீதத்துக்கு ஒரு வேலையும் இல்லை. 75 சதவீதம் என்று போட்டிருந்தாலும் ஆஷாவாவில் பூட்டிய பிக்அப்புக்குக் கழிவு கிடைக்காது, ஏனென்றால் லேபிளில் ஒட்டி நிற்கும் கனடா வரிச் சட்டத்தில் ஒட்டவில்லை. ஃபோர்ட் வெய்னில் பூட்டிய அதே பிக்அப்புக்குக் கிடைக்கும். டீலரிடம் இருக்கும் லேபிளையோ வின் எண் காட்டும் ஆலையையோ நம்பலாம் என்று வருமான வரித் துறை சொல்லியிருக்கிறது. வரிப் படிவத்தில் வின் எண்ணையும் எழுத வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே லேபிளின் கீழ் பாதி, முன்கண்ணாடி வின் எண், கதவுத் தூண் ஸ்டிக்கர் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்துக் கடன் ஒப்பந்தத்தோடு வையுங்கள். டெலிவரியின்போது வண்டியைக் கழுவித் துடைத்து லேபிளை உரித்துவிடுவார்கள். அதன் பிறகு அதே தாளைத் தேடிப் பிடிப்பது சிரமம். வண்டியை ஆர்டர் செய்து காத்திருப்பவர்கள், ஷோரூமில் பார்த்த வண்டியின் லேபிளை நம்பாமல், தங்களுக்கு ஒதுக்கிய வின் எண்ணைக் கேட்டு வாங்கிச் சோதித்துக்கொள்வது நல்லது.

உதிரிபாகம் வாங்கும்போது

லேபிள் சட்டம் புது வண்டியோடு முடிந்துவிடுகிறது. பிறகு வாங்கும் பிரேக் பேடு, ஃபில்டர், ஆல்டர்னேட்டருக்குப் பொருந்துவது 1930 சுங்கச் சட்டத்தின் 304ஆவது பிரிவு. இறக்குமதியான பொருளில், கடைசியில் வாங்குபவருக்குத் தெரியும்படி, எளிதில் அழியாதபடி, நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பாகத்தின் மேலேயே பொறிக்க முடியாத இடத்தில் பெட்டியின் மேல் இருக்கும். பெட்டியில் மிச்சிகன் முகவரி பெரிதாக இருந்தால் அது விற்பவரின் முகவரிதான். வாங்குபவர் குழம்பக்கூடிய இப்படிப்பட்ட அமெரிக்க ஊர்ப் பெயர் இருந்தால், உண்மையான நாட்டின் பெயர் 'மேட் இன்' போன்ற சொல்லோடு அதன் அருகிலேயே, அதற்கு ஈடான எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சுங்க விதி. எனவே முகவரியைச் சுற்றித் தேடுங்கள். 'பேக்டு இன் யு.எஸ்.ஏ.' என்பது பெட்டியில் போட்ட இடம், செய்த இடம் அல்ல. எந்த நிபந்தனையும் சொல்லாமல் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று மட்டும் போட்டிருந்தால், கூட்டாட்சி வர்த்தக ஆணைய விதிப்படி ஏறக்குறைய முழுவதும் அமெரிக்காவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். கார் லேபிளின் 70 சதவீதச் சலுகை அங்கே இல்லை.