ஐடிஆர்-1: ஆடிட்டர் இல்லாமல் நாமே தாக்கல் செய்வது எப்படி?

மூன்று வருடம் ஒரு டேக்ஸ் கன்சல்டன்ட்டிடம் கொடுத்துத்தான் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். ஒவ்வொரு ஜூலையிலும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஃபார்ம் 16 அனுப்புங்க." சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்றிதழ் அது. அதில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டு ரசீதை அனுப்பிவிடுவார். மூன்றாவது வருடம், டெபாசிட் வட்டியைக் காட்டவில்லை என்று வரித்துறையிலிருந்து மெயில் வந்தது. "நீங்க சொல்லவே இல்லையே" என்றார். உண்மைதான், நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நானே தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், மிச்சமிருக்கும் டைப்பிங் வேலைக்கு எதற்குக் காசு? வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணமே கிடையாது.

சம்பளம், ஒரு சொந்த வீடு, வங்கி வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்பவர்களுக்கான படிவம் ஐடிஆர்-1 (சகஜ்). இங்கே சொல்வது அதற்கு மட்டும்தான். தொழில் வருமானமோ வெளிநாட்டுச் சொத்தோ இருந்தால் ஆடிட்டரிடமே போங்கள், அந்தப் பணம் வீண் இல்லை. கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

படி 1: ஜூன் பாதி வரை பொறுங்கள்

நிறுவனம் ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. வங்கிகளும் மே 31 வரை தங்கள் விவரங்களை வரித்துறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் பாதித் தகவலோடுதான் உட்கார வேண்டும். கடைசி நாள் ஜூலை 31. தவறினால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்; வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.

படி 2: ஏஐஎஸ்-ஐ வரிவரியாகப் பாருங்கள்

உண்மையான வேலை இதுதான். தளத்தில் பான் எண்ணை வைத்து உள்ளே போனால் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கும். பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும்: பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டியே பிறந்த தேதி, மாதம், வருடம், நடுவில் இடைவெளி இல்லாமல். உங்களைப் பற்றி வரித்துறைக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது அதில் இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாகக்கூட இருக்கும்.

பக்கத்தில் ஃபார்ம் 16, ஒவ்வொரு வங்கியின் வட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தொகைகளை ஒப்பிடுங்கள். ஏஐஎஸ்-இல் ஒரே வட்டி இரண்டு முறை வந்திருந்தால் அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யலாம். அதில் விட்டுப்போன வட்டி உங்கள் பாஸ்புக்கில் இருந்தால், அதையும் நாம்தான் காட்ட வேண்டும்.

"பேங்க்ல டிடிஎஸ் பிடிக்கல, அப்போ வரி இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். (டிடிஎஸ் என்பது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி.) நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வங்கியில் வருட டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள் (மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம்). அதற்குக் கீழே இருந்தாலும் அது வருமானம்தான்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். புதிய வரி முறையில் ஒருவருக்குச் சம்பளம் 12,70,000. நிலையான கழிவு 75,000 போனால் 11,95,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம், நிறுவனமும் ஒன்றும் பிடிக்கவில்லை. இப்போது 32,000 ரூபாய் டெபாசிட் வட்டியைச் சேர்த்தால் 12,27,000. எல்லையைத் தாண்டியாயிற்று. வருமான அடுக்குகளின் வரி விகிதப்படி 64,050 ரூபாய் வரி வர வேண்டும். 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால், கூடுதலாக உள்ள 27,000 ரூபாயோடு நிற்கும். 4% செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 28,080. வந்த வட்டியே 32,000தான்! போதாக்குறைக்கு, முன்கூட்டியே கட்டாததற்கு மாதம் 1% கணக்கில் தண்ட வட்டியும் வரும்.

படி 3: பழையதா, புதியதா?

வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. நாம் எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி, 80சி-யில் (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) முழு 1.5 லட்சம் என்று பெரிய கழிவுகள் சேர்ந்து இருந்தால் மட்டும் பழையதைப் போட்டுப் பாருங்கள். தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது. ஜூலை 31-ஐத் தாண்டிவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

"ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்" என்று இல்லாத கழிவுகளைப் போடும் ஆட்கள் உண்டு. பிடிபட்டால் ஏய்த்த வரியில் 200% வரை அபராதம் வரலாம். கட்டப்போவது அவர்கள் இல்லை, நீங்கள்.

படி 4: நிரப்புங்கள்

இது அரை மணி நேர வேலை. மதிப்பீட்டு ஆண்டு 2026-27 (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு), ஐடிஆர்-1 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நிரம்பியிருக்கிறது என்பதற்காகச் சரி என்று நம்பிவிடாதீர்கள். படி 2-இல் குறித்துவைத்த தொகைகளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வரி பாக்கி இருந்தால், சமர்ப்பிக்கும் முன் தளத்தின் இ-பே டேக்ஸ் பகுதியில் 'சுய மதிப்பீட்டு வரி' என்று கட்டிவிட்டு, சலான் (வரி கட்டிய ரசீது) விவரம் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ரீஃபண்ட் வர வேண்டும் என்றால் வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

படி 5: இ-வெரிஃபை

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் நீங்கள் தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது, அல்லது தாமதமாகச் செய்ததாக ஆகும். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின்படி ஒரு மெயில் வரும். நோட்டீஸ் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் காட்டிய தொகை ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபார்ம் 16 போட்டுவைத்த அதே ஃபோல்டரில் இதையும் சேமித்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால், எந்த வரிசையில் என்று தேடுங்கள். எனக்கு வந்ததில் அது வட்டி வரிசை.