வன்னிக் கரையோரக் கோட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆனையிறவுக் கோட்டையை 1760இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள்." இந்த வரியை இணையத்தில் பல இடங்களில் காணலாம். பிள்ளைகளின் பாடசாலை ஒப்படைகளிலும் அப்படியே ஏறிவிடுகிறது. ஆனால் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) விழுந்ததோடு இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்துவிட்டது. நூறு வருடம் கழித்து வந்து அவர்கள் எப்படிக் கோட்டை கட்டுவார்கள்? ஆண்டு சரியென்றால் கட்டியவர்கள் ஒல்லாந்தர். கட்டியவர்கள் போர்த்துக்கேயர் என்றால் ஆண்டு பிழை.

இதைத் தவிர்க்க நாலு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்களிடம் வீழ்ந்தது. 1658இல் எல்லாம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். எந்தக் கோட்டையைப் பற்றி எதை வாசித்தாலும் இந்த நாலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு கோட்டையை ஒரே தரப்பு மட்டும் கட்டியதாகச் சொல்வதும் அடிக்கடி நடக்கிற பிழைதான். மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் ஒல்லாந்தர் 1696இல் அதைத் திரும்பக் கட்டினார்கள். பாலத்தடியில் நின்று நாம் இன்று பார்க்கிற நாற்சதுர மதிலையும், மூலைகளில் வெளியே தள்ளி நிற்கும் நாலு கொத்தளங்களையும் வெறுமனே "போர்த்துக்கேயர் கட்டியவை" என்று எழுதுவது பாதிக் கதை.

அப்புறம் அரிப்பு. சிலாவத்துறைப் பக்கம் போகிறவர்கள் கடற்கரை மேட்டில் உடைந்து நிற்கும் கட்டடத்தின் முன்னால் படம் எடுத்து "அல்லிராணி கோட்டை" என்று போடுகிறார்கள். அது கோட்டையே இல்லை. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்கக் கட்டுவித்த மாளிகை அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கிரேக்கப் பாணித் தூண்களால் அதற்கு டொரிக் என்று பெயர். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: செங்கல், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு.  அல்லி அரசாணியின் கதை நம் மக்களின் கதை. அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்தக் கடற்கரையில் நின்று சொன்னால் இன்னும் அழகு. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அவளுடைய காலத்தைக் கொடுக்காதீர்கள்.

இதனால் நடக்கிற பெரிய இழப்பு என்னவென்றால், அரிப்பில் உண்மையாகவே இருக்கிற சின்னக் கோட்டையை யாரும் கவனிப்பதில்லை. கண்டி அரசனிடம் 19 வருடத்துக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1679இல் காடுகளுக்குள்ளால் தப்பி வந்து சேர்ந்தது ஒல்லாந்தரிடம் இருந்த அந்தக் கோட்டைக்குத்தான்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற ஒன்று. "கரையோரக் கோட்டை என்றால் கடலால் வரும் எதிரிக்காக" என்று முடிவு கட்டிவிட்டு, நிலத்துப் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது. பூநகரிக் கோட்டை திறந்த கடலைப் பார்த்து நிற்கவில்லை. அது களப்பின் ஓரம், வன்னிப் பெருநிலத்திலிருந்து குடாநாட்டுக்குள் போகும் வழியில் இருக்கிறது. ஆனையிறவும் அப்படித்தான். ஒல்லாந்தர் கரையை வைத்திருந்தார்களே தவிர, உள்ளே அடங்காப்பற்று என்று அழைக்கப்பட்ட வன்னி நிலம், வன்னியர்கள் என்ற அதன் தலைவர்களுடையதாக இருந்தது. திறையாக யானை தருவதாக ஒப்புக்கொண்டும், பல வருடங்கள் அதைத் தராமலே காலம் கடத்தினார்கள் வன்னியர்கள். 1780களில் லெப்டினன்ட் நாகெல் படையோடு வந்த பிறகுதான் ஒல்லாந்தரால் வன்னியை நேராக ஆள முடிந்தது. இந்தக் கோட்டைகளின் பீரங்கி வாய்களில் ஒரு பங்கு நம் காட்டைப் பார்த்துத்தான் இருந்தது. இதைச் சொல்லாத கோட்டை வரலாறு வன்னியின் வரலாறு ஆகாது.

பூநகரியில் இரண்டே கொத்தளங்கள் இருப்பதைப் பார்த்து "மற்ற இரண்டும் இடிந்துவிட்டன" அல்லது "வேலை பாதியில் நின்றுவிட்டது" என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. கொத்தளம் என்பது மதில் மூலையிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் மேடை. அதில் நிற்கிற துவக்குக்காரன், அந்த மூலையில் சந்திக்கும் இரண்டு மதில்களின் வெளிப்பக்கத்தையும் நீளத்துக்குப் பார்த்துச் சுடலாம். மதிலடியில் ஒளிந்துகொள்ள எதிரிக்கு இடமில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம் வைத்தால் நாலு மதிலும் காவலுக்குள் வந்துவிடும். பக்கம் சுமார் 30 மீற்றர் உள்ள சிறு கோட்டைக்கு, கொஞ்சப் படையோடு இருந்தவர்களுக்கு, அதுவே போதும். மன்னார் பெரியது, முத்துக்குளிப்புக் கரையின் தலைமை இடம். அதனால் அங்கே நாலு.

முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயர் கட்டியது என்று எழுத வேண்டாம். ஒல்லாந்தர் கட்டியதை ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள், அவர்களிடமிருந்து 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பிடித்தான். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் அவன் தோற்கடிக்கப்பட்டதாக மட்டும்தான் சொன்னது. கொல்லப்பட்டதாக அதில் ஒரு சொல் இல்லை. அவன் இறந்த நாளுக்கு அந்தக் கல்லைச் சான்று காட்ட முடியாது.

நேரில் போகிறவர்களுக்கும் சில விசயங்கள். உடைந்த மதிலிலிருந்து ஞாபகத்துக்கென்று ஒரு துண்டு எடுத்து வராதீர்கள். தொல்பொருட் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை)த் தேன்வதை போலத் துளைகளோடும், சாந்துக்குள் பாதி எரிந்த சிப்பித் துண்டுகளோடும் அங்கேயே பார்க்கும்போதுதான் கட்டிய விதம் விளங்கும். மதிலில் முளைத்த ஆலங்கன்றைக் கையால் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் பெயர்ந்து வரும். பற்றைக்குள் புது வழி தேடுவதும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது.

ஊரில் சிரமதானம் செய்கிறவர்கள் நல்ல மனதோடு வெடிப்புகளுக்குச் சீமெந்து பூசிவிடுவதுண்டு. தயவுசெய்து வேண்டாம். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பு உள்ளே தேங்கி, காயும்போது படிகமாகி, பூச்சுக்குப் பின்னால் கல்லைப் பொடியாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில வருடத்தில் பூச்சு கழன்று விழும்போது கல்லும் சேர்ந்து விழும். வெடிப்பைக் கண்டால் படம் எடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், பிரதேச செயலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்து வையுங்கள்.