ஈறு நோய்ச் சிகிச்சை ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

ஈறு நோய்க்கான புதிய ஜெல், லேசர் சிகிச்சை, மூலிகைப் பற்பசை என்று ஏதாவது ஒன்றைப் பற்றிய ஆய்வறிக்கை உங்கள் கைக்கு வந்தால், அதன் முடிவுரையை முதலில் படிக்க வேண்டாம். முடிவுரையில் ஏறக்குறைய எல்லா மருந்தும் வேலை செய்யும். நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போய், எதை அளந்தார்கள், யார் அளந்தார்கள், எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள் என்ற மூன்றையும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் முடிவுகளில் பல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தின் மேல் நிற்பவை. அந்த வித்தியாசம் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்பதற்கு முன்னால் ஆய்வை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

அதற்கும் முன்பாக, ஆய்வு எந்த நோயைப் பற்றியது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஈறு நோய் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. முதலாவது ஈறு அழற்சி. ஈறு சிவந்து வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் வரும், ஆனால் எலும்பு கரையாது, சுத்தம் செய்தால் முற்றிலும் சரியாகிவிடும். 1965-இல் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. இரண்டாவது பெரியோடான்டைட்டிஸ். இதில் பல்லை எலும்போடு பிணைக்கும் இழைகள் அறுந்து, எலும்பு கரைந்து, ஈறுக்கும் வேருக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. மருத்துவர்கள் அதைப் ‘பாக்கெட்’ என்பார்கள். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

முதல் நோயில் கிடைத்த முடிவை இரண்டாம் நோய்க்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது சொல்லும்போது எளிமையாகத் தோன்றினாலும், நாள்தோறும் நடக்கும் பிழை இதுவே. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை எடுத்துக்கொள்வோம். சென்னையில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பதின்வயதுச் சிறுவர்கள் 20 பேரிடம் நல்லெண்ணெயையும் குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்புத் திரவத்தையும் 10 நாட்கள் ஒப்பிட்டு, இரண்டிலும் ஈறு அழற்சி குறைந்ததைக் காட்டியது. நேர்மையான, சிறிய ஆய்வு. அதை வைத்துக்கொண்டு, ஆடும் பல் எண்ணெய்க் கொப்பளிப்பால் இறுகிவிடும் என்று ஒருவர் எழுதினால், அவர் ஆய்வறிக்கையின் தலைப்பைக்கூட முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள்.

இனி அளவைக் கவனிப்போம். பாக்கெட்டின் ஆழத்தை அளக்கப் பயன்படுவது புரோப் என்னும் மெல்லிய, முனை மழுங்கிய உலோகக் கோல். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஈறின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசிக்க வேண்டும். ஆரோக்கியமான ஈறில் அது 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கும். வில்லியம்ஸ் புரோப் எனப்படும் பழைய வகையில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 ஆகிய இடங்களில் மட்டுமே கோடுகள் உண்டு. எண்களைக் குழப்பமின்றி வாசிப்பதற்காக 4-ம் 6-ம் விடப்பட்டிருக்கின்றன. ஆகவே 4 மி.மீ. என்று பதிவாகும் ஒவ்வோர் எண்ணும் இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டது. மாணவப் பருவத்தில் ஒரே நோயாளியின் ஒரே கடைவாய்ப்பல்லை நான் காலையில் 5 என்றும் மாலையில் 4 என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டு வேளைக்கும் நடுவே அந்த நோயாளி சாப்பிட்டது சாம்பார் சாதம், மருந்து எதுவும் இல்லை.

அதனால்தான் நல்ல ஆய்வுகளில், அளப்பவருக்கு முன்பயிற்சி கொடுத்து, ஒரே வாயை இருமுறை அளக்கச் சொல்லி, இரண்டு அளவுகளும் எந்த அளவுக்கு ஒத்துப்போயின என்று எழுதியிருப்பார்கள். இந்த ஒரு வரி அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதோடு, அளந்தவருக்கு எந்த நோயாளி எந்தச் சிகிச்சை பெற்றவர் என்று தெரியாமல் வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். சிகிச்சை கொடுத்தவரே அளந்தும் இருந்தால், அரை மில்லிமீட்டர் முன்னேற்றத்துக்கு அவருடைய நம்பிக்கையே போதும்.

பாக்கெட் ஆழம் குறைந்தது என்பதையும் பிணைப்பு மீண்டது என்பதையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியில் மிகவும் பயன்படக்கூடிய இடம் என்று நினைக்கிறேன். ஒரு பல்லைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிகிச்சைக்கு முன் பாக்கெட் 6 மி.மீ.; வீக்கத்தால் ஈறு, பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டுக்கு 1 மி.மீ. மேலேறி நிற்கிறது. அப்படியானால் அந்தக் கோட்டிலிருந்து உண்மையான பிணைப்பு இழப்பு 5 மி.மீ. சிகிச்சைக்குப் பின் பாக்கெட் 4 மி.மீ.; வீக்கம் வற்றி, ஈறு அதே கோட்டுக்கு 1 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. பிணைப்பு இழப்பு மீண்டும் 5 மி.மீ. பாக்கெட் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, பிணைப்போ இம்மியும் மீளவில்லை. வீக்கம் வற்றியதும் நன்மைதான், ஆழம் குறைந்த பாக்கெட்டைச் சுத்தம் செய்வது எளிது. ஆனால் விளம்பரம் இதைத் ‘திசு மீண்டும் வளர்ந்தது’ என்று சொல்லும்போது நீங்கள் பிணைப்பு அளவுக்கான அட்டவணையைக் கேட்க வேண்டும். அந்த அட்டவணையிலும் ஒரு நுட்பம் உண்டு. அழற்சியுள்ள திசுவில் புரோப் சற்று ஆழமாகவே குத்தி இறங்கும், ஆறி இறுகிய திசுவில் முன்கூட்டியே நின்றுவிடும். எனவே பிணைப்பு மீண்டதாகப் பதிவாகும் அளவில் ஒரு பகுதி, திசு இறுகியதன் விளைவே.

தொடக்க ஆழத்தையும் பார்க்க வேண்டும். 7 மி.மீ. பாக்கெட் நிறைய குறையும், 4 மி.மீ. பாக்கெட் கொஞ்சமே குறையும். ஆகையால் ஆழமான பாக்கெட்டுகளையே தேர்ந்தெடுத்த ஆய்வு எப்போதும் அழகான எண்களைக் காட்டும். இதில் சிகிச்சையின் பங்கும் உண்டு, அளவுப் பிழையின் பங்கும் உண்டு. முதல் நாள் தற்செயலாக மிகையாகப் பதிவான பாக்கெட், அடுத்த முறை தன் இயல்பான அளவுக்குத் தானே இறங்கிவிடும். மறுபுறம், ஆழமில்லாத இடத்தைச் சுரண்டினால் கெடுதல் நேரலாம். யான் லிண்டேயும் சக ஆய்வாளர்களும் 1982-இல் கணக்கிட்டபடி, வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது சுமார் 2.9 மி.மீ.-க்கு மேற்பட்ட பாக்கெட்டில்தான் பிணைப்பைக் கூட்டியது, அதற்குக் குறைவான ஆழத்தில் பிணைப்பு இழப்பே நேர்ந்தது. அறுவை முறைக்கு அந்த எல்லை சுமார் 4.2 மி.மீ.

ஒப்பீட்டுக் குழு எது என்ற கேள்விக்கு இலங்கை மலையகத்திலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. 1970 முதல் 15 ஆண்டுகள், அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களை அதே ஹரால்ட் லோவின் குழு மீண்டும் மீண்டும் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவ வசதியும் இல்லாத தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். 1986-இல் வெளியான முடிவின்படி, அவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை. 45 வயதில் முதல் குழுவின் சராசரிப் பிணைப்பு இழப்பு ஏறத்தாழ 13 மி.மீ., இரண்டாம் குழுவுக்கு 7 மி.மீ., மூன்றாம் குழுவுக்கு 35 வயதில் ஒன்றுக்கும் குறைவு. சிகிச்சை எதுவும் இல்லாமலே மனிதர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், பதினைந்து பேர் கொண்ட குழுவில் அந்த 8 விழுக்காட்டைச் சேர்ந்தவர் ஒருவர் கூடுதலாக விழுந்தாலே முடிவு புரண்டுவிடும். குலுக்கல் முறையில் பிரிப்பதும், போதுமான ஆட்களைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். (நோய் முற்றுவதை அளந்துகொண்டிருந்தவர்கள் அதைத் தடுக்கவும் கடமைப்பட்டவர்கள் அல்லவா என்ற கேள்வியை இன்றைய அறநெறிக் குழு எதுவும் கேட்காமல் விடாது. இந்த ஆய்வைப் பாடநூலில் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி எனக்கும் வருகிறது.)

ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல், ‘மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்’ என்று மட்டும் காட்டும் ஆய்வை வேகமாகக் கடந்துவிடலாம். ஆய்வில் சேர்ந்தவுடன் எல்லோரும் வழக்கத்தைவிட நன்றாகப் பல் துலக்குவார்கள். வெறும் தண்ணீர் கொடுத்தாலும் ரத்தக்கசிவு குறையும். ரத்தக்கசிவைப் பற்றி இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே கசியும். அவர்களை இரண்டு குழுக்களிலும் சமமாகப் பிரிக்காத ஆய்வில் ரத்தக்கசிவு எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்தது எண்ணிக்கையில் நடக்கும் ஒரு வித்தை. 28 பற்கள், பல்லுக்கு ஆறு இடங்கள் என்று அளந்தால் ஒரு வாயில் 168 அளவுகள். 20 பேரிடம் 3,360. இத்தனை இடங்களையும் தனித்தனி நோயாளிகள்போல எண்ணிக் கணக்குப் போட்டால் சிறு வித்தியாசமும் மிக உறுதியானதாகத் தெரியும். ஆனால் ஒரே வாயின் 168 இடங்களுக்கும் உமிழ்நீர் ஒன்று, சர்க்கரை அளவு ஒன்று, துலக்கும் கை ஒன்று. ‘இத்தனை இடங்கள்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம், எத்தனை மனிதர்கள் என்று தேடிப்பிடியுங்கள்.

வித்தியாசம் உண்மையானதாக இருந்தாலும், அது போதுமானதா என்ற கேள்வி தனி. ஜெர்மனியில் நடந்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வேர்ச் சுத்தத்தோடு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்னும் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பிணைப்பு மேலும் குறைந்த இடங்கள் 5.3 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றவர்களிடம் 7.8 விழுக்காடு. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மாத்திரை இல்லாமலே பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட இடங்கள் நிலையாகத்தான் இருந்தன. ஆன்டிபயாடிக் எதிர்ப்பாற்றல் பெருகிவரும் நாட்டில், அந்த இரண்டரை விழுக்காட்டுக்காக எல்லோருக்கும் மாத்திரை எழுத என் கை துணியாது.

நீரிழிவும் ஈறும் பற்றிய ஆய்வுகளில் வேறொரு பொறி இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் ஐந்து மையங்களில் 514 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஈறுச் சிகிச்சையால் ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) குறையவில்லை என்று சொன்னது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஆனால் சிகிச்சை பெற்றவர்களின் ஈறு அளவுகளைப் பார்த்தால், இறுதியிலும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இடங்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஈறே முழுமையாக ஆறாதபோது, சர்க்கரை குறையவில்லை என்பதிலிருந்து எதை முடிவுசெய்வது? 2018-இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த ஆய்வு, தேவைப்பட்டவர்களுக்கு அறுவையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்பும் சேர்த்துத் தீவிரமாகச் சிகிச்சை அளித்தது. ஓராண்டு முடிவில் அவர்களுடைய ஹெச்பிஏ1சி, மேலோட்டமான சுத்தம் மட்டும் பெற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 35 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பு காக்ரேன்) மூன்று, நான்கு மாதங்களில் 0.43 புள்ளி குறைவதாகக் கண்டது. ஆகவே ‘பலன் இல்லை’ என்று முடியும் ஆய்விலும், சிகிச்சை முதலில் ஈறையாவது குணப்படுத்தியதா என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டே நகர வேண்டும்.

எல்லா எதிர்மறை முடிவையும் இப்படிச் சமாதானம் சொல்லித் தள்ளவும் கூடாது. ஆரோக்கியமானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வழக்கமாகச் செய்யும் ஸ்கேலிங், அதாவது பற்காரை நீக்கும் சுத்தம், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு அழற்சியிலோ ரத்தக்கசிவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரவில்லை என்று 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. என்னைப் போன்றவர்களின் வருமானத்துக்கு இனிப்பான செய்தி அல்ல. ஆனால் அந்த ஆய்வுகளில் கடுமையான பெரியோடான்டைட்டிஸ் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

இந்திய ஆய்வாக இருந்தால் இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். 2007-இல் தொடங்கி, 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்ட சி.டி.ஆர்.ஐ. என்னும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அறிக்கையில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு தேடி, நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தார்களா, முதன்மை அளவாக அன்று எதைக் குறித்தார்கள், வெளியிடும்போது எதை முன்னே வைத்தார்கள் என்று ஒப்பிடுங்கள். ‘ஆறு மாதத்தில் பிணைப்பு அளவு’ என்று பதிந்துவிட்டு, ‘ஒரு மாதத்தில் ரத்தக்கசிவு’ என்று வெளியிட்டிருந்தால், நடுவே என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய, உங்கள் வாயின் எண்கள் வேண்டும். மருத்துவரிடம் பல்லுக்கு ஆறு இடங்களில் அளந்த அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கி, சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்தில் அதே இடங்களை மீண்டும் அளக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈறின் விளிம்பு எங்கே நின்றது என்ற வரிசையும் அதில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், மீண்டது பிணைப்பா, வற்றியது வீக்கம் மட்டுமா என்று உங்கள் மருத்துவராலும் சொல்ல முடியாது.