திருவருகைக் கால வளையம்: வீட்டில் செய்து வாரம் ஒரு திரியாக ஏற்றுவது எப்படி?

டிசம்பர் பிறக்கும் முன்பே யாழ்ப்பாணக் கடைத்தெருவில் நத்தார் (கிறிஸ்மஸ்) பாட்டுத் தொடங்கிவிடும். கோயிலுக்குள் போனால் கதை வேறு. பீடத்தில் ஊதாத் துணி, ஞாயிறு பூசையில் “உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி” என்று பாடும் வானவர் கீதமும் இல்லை. பாலன் இயேசுவின் பிறப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, இது காத்திருக்கும் காலம், திருவருகைக் காலம். அதை வீட்டில் பழகிக்கொள்ள ஒரு வளையமும் ஐந்து மெழுகுதிரியும் போதும்.

1. நாளைக் குறியுங்கள்

நத்தாருக்கு முந்தின நான்கு ஞாயிறுகள்தான் கணக்கு. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். 2026இல் அது நவம்பர் 29.

2. வளையத்தைக் கட்டுங்கள்

இந்த வழக்கத்தை 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் தொடக்கியவர் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர். நத்தார் எப்போது வரும் என்று நச்சரித்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டார். ஆகவே கடையில் பிளாஸ்டிக் வளையம் தேடி அலையவேண்டாம்.

பெரிய தட்டம் ஒன்றில் ஈர மணலைப் பரப்புங்கள். ஓரத்தில் நான்கு திரி, நடுவில் பெரிய வெள்ளைத் திரி ஒன்று. ஓரத்துத் திரிகளில் மூன்று ஊதா, ஒன்று ரோஸ். நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியை நட்டு, அதற்கு நேரே தட்டத்தின் விளிம்பில் நிற ரிப்பனை ஒட்டுங்கள். திரியில் சுற்றவேண்டாம், எரியும்போது பற்றிக்கொள்ளும். சில சபைகளில் ஊதாவுக்குப் பதில் நீலம் வைப்பார்கள், அதுவும் சரிதான். சுற்றிவரச் சவுக்குக் கொப்பைத் தாழ்வாக அடுக்குங்கள், சுடரிலிருந்து நாலு விரலாவது தள்ளி நிற்கவேண்டும். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, கடவுளுக்கும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

3. வாரம் ஒன்றாக ஏற்றுங்கள்

ஞாயிறு மாலை, செபத்துக்கு முன். வீட்டில் இளையவர் ஏற்றட்டும், பெரியவர் விவிலியத்திலிருந்து அந்த வாரத்துப் பகுதியை வாசிக்கட்டும்.

முதல் வாரம் மாற்கு 13:33-37. புதியவர்கள் திகைப்பது இங்கேதான்: குழந்தை இயேசுவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, “விழிப்பாயிருங்கள்” என்றிருக்கும். திருவருகை என்பது பெத்லகேமில் நடந்து முடிந்த வருகை மட்டுமல்ல. இறுதி நாளில் அவர் மீண்டும் வருவதையும், இப்போது நம் வாசலுக்கு வருவதையும் சேர்த்துத்தான் திருச்சபை காத்திருக்கிறது. இது புரியாவிட்டால் நான்கு வாரமும் நத்தார் ஒத்திகையாகிவிடும்.

இரண்டாம் வாரம் எசாயா 40:1-5, ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்கும் குரல். திருமுழுக்கு யோவானுடைய வாரம் இது. யாரோடாவது பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்தான் ரோஸ் திரி. பிலிப்பியர் 4:4-5, மகிழ்ச்சியின் ஞாயிறு. நான்காவது லூக்கா 1:26-38, மரியா “ஆம்” என்ற இடம்.

ஒவ்வொரு வாரமும் பழைய திரியையும் சேர்த்தே ஏற்றவேண்டும். அதனால் முதல் திரி கட்டையாகிப்போய், நாலும் படிக்கட்டு மாதிரி நிற்கும். சமப்படுத்தப் புதுத்திரி வைக்காதீர்கள், கடந்துபோன வாரங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். கால் மணித்தியாலம் எரிந்தால் போதும். மழைக்காலக் காற்று இருக்கும், யன்னலைச் சாத்திவிட்டு ஏற்றுங்கள். அணைக்காமல் எழும்பிப் போகாதீர்கள்.

4. குடிலில் அவசரப்படாதீர்கள்

பாலன் பிறப்பைக் காட்டும் குடிலில் மாடு, ஆடு, இடையர் எல்லாவற்றையும் முன்கூட்டியே வைக்கலாம். பாலன் சுரூபம் மட்டும் 24 இரவு வரை அலுமாரியில் இருக்கட்டும். அந்த இரவு ஐந்து திரியையும் ஏற்றி, லூக்கா 2:1-14 வாசித்துப் பாலனைக் கிடத்துங்கள். நடுவில் உள்ள வெள்ளைத் திரி கிறிஸ்துவைக் குறிக்கும்.

2028இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24. அன்று மாலை நாலாவது திரி, இரவே நடுத்திரி, கொஞ்சம் ஓட்டம்தான்.

5. பிறகு

நத்தார் 25ஆம் திகதியோடு முடிவதில்லை. ஞானிகள் வந்து வணங்கிய திருக்காட்சிப் பெருவிழா வரையாவது குடில் இருக்கட்டும். காய்ந்த சவுக்கை மட்டும் உடனே எடுத்து எறிந்துவிடுங்கள், ஒரு பொறி பட்டால் போதும்.