ஃபோர்க்லிஃப்ட் கவிழாமல் ஓட்டுவது எப்படி?

கிடங்குகளில் பரவலாகப் பயன்படும் கவுன்டர்பேலன்ஸ் வகை ஃபோர்க்லிஃப்ட் தராசைப் போன்றது. முன்சக்கர அச்சுக்கு ஒரு புறம் ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் L வடிவக் கரங்கள்) மேலுள்ள சுமையும், மறுபுறம் வண்டியின் பின்பகுதியில் பொருத்தப்பட்ட எதிர் எடையும் இருக்கின்றன. சுமை எவ்வளவு கனமானது என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சமநிலையைத் தீர்மானிக்கிறது.

ஆகவே, சாவியைத் திருப்புவதற்கு முன், எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் குறித்திருக்கும் திறன் தகட்டைப் படிக்க வேண்டும். அதில் 500 மி.மீ. சுமை மையத்தில் 2500 கிலோ என்று இருந்தால், சுமையின் ஈர்ப்பு மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து 50 செ.மீ. தூரத்துக்குள் இருக்கும்போது மட்டுமே அந்த எடையைத் தூக்கலாம் என்று பொருள். எடை சீராகப் பரவிய 1 மீட்டர் நீளப் பேலட்டுக்கு (சரக்கை அடுக்கும் தட்டுப்பலகை) இது சரியாக வரும். 1.4 மீட்டர் நீளப் பெட்டியானால் மையம் 70 செ.மீ.க்குப் போய்விடும், தூக்கும் திறனும் குறைந்துவிடும். பேலட்டை முகப்போடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தூக்கினாலும் இதே நிலைதான். எடை தெரியாத சுமையைத் தூக்கவே கூடாது.

பிரேக், ஹாரன், டயர், மாஸ்ட் (ஃபோர்க்குகள் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) சங்கிலி, ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் பார்த்துவிட வேண்டும்.

ஓடும்போது ஃபோர்க்குகள் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்திலும், மாஸ்ட் சற்றுப் பின்சாய்ந்தும் இருக்க வேண்டும். சுமை பார்வையை மறைத்தால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டலாம். ஆனால் சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் சுமை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும் என்பதால், அங்கே ஏறுவதற்கு வழிகாட்டி ஒருவரின் துணை தேவை. பின்சக்கரங்களே திரும்புவதால் வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசும். ரேக்குக்கும் வண்டிக்கும் இடையில் நிற்பவர் நசுங்கிவிடுவார். யாராவது அருகில் இருந்தால், அவர் விலகும்வரை திருப்பாதீர்கள்.

சுமை இல்லாத வண்டி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. பொதுவாக இவ்வகை வண்டி இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் நடுப்புள்ளி என மூன்று இடங்களில்தான் தாங்கப்படுகிறது. வெறும் வண்டியில் ஈர்ப்பு மையம் இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணத்தின் குறுகிய பின்முனைப் பக்கம் நகர்ந்திருப்பதால், வேகமாகத் திருப்பினால் எளிதில் பக்கவாட்டில் சாயும்.

சாயத் தொடங்கினால் குதிக்காதீர்கள். குதிப்பவர்மீதுதான் மேற்கூரைச் சட்டம் விழும். சீட் பெல்ட் அணிந்தபடி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து இருக்கையிலேயே இருங்கள்.

வேலை முடிந்ததும் ஃபோர்க்குகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.