வாதம் வாய்ப்பானதா? முடிவை முதலில் பார்க்காதீர்கள்

'எனின்' என்பதற்கு முன்வரும் பகுதியான முன்னடையையும் அடுத்து வரும் பின்னடையையும் இடம்மாற்றி எழுதுவதெல்லாம் ஒன்றிரண்டு கிழமையில் தானாகத் திருந்திவிடும். உயர்தர அளவையியல் (தருக்கவியல்) வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகள் விழும் பள்ளம் வேறு. எங்கள் காலத்திலும் அதே பள்ளம்தான்.

முடிவு உண்மை, ஆகவே வாதம் சரி

கரும்பலகையில் இதை எழுதிப்போடுவேன்:

யாழ்ப்பாணம் இலங்கையில் உள்ளது எனின் அது ஆசியாவில் உள்ளது.
யாழ்ப்பாணம் ஆசியாவில் உள்ளது.
ஆகவே யாழ்ப்பாணம் இலங்கையில் உள்ளது.

பாதி வகுப்பு 'வாய்ப்பானது' என்று எழுதும். "மூண்டும் உண்மைதானே சேர்!" உண்மைதான், ஆனால் கேட்டது அதுவல்ல. முதலிரண்டு வரியையும் ஒப்புக்கொண்டவர் மூன்றாவதையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டுமா? ஆம் என்றால்தான் வாதம் வாய்ப்பானது. யாழ்ப்பாணத்தை அழித்துவிட்டுச் சென்னை என்று போடுவேன். முதலிரண்டு வரியான எடுகூற்று இரண்டும் உண்மை, முடிவு பொய். வடிவம் அதேதான். பின்னடை உண்மை என்று கொண்டு முன்னடைக்குத் தாவும் இந்தப் பிழைதான் பின்னடையை விதித்தல் என்ற போலி.

உடனே ஒரு கை உயரும்: "சென்னை இலங்கையில இல்லையே, முதல் வரி எப்படி உண்மை?" அந்த வரி சென்னை இலங்கையில் இருப்பதாகச் சொல்லவே இல்லை. இருந்தால் ஆசியாவிலும் இருக்கும் என்கிறது, அவ்வளவே.

இத்தனைக்கும் தலையாட்டிய பிள்ளை அடுத்த வினாவில் என்ன செய்யும் தெரியுமா? 'யாழ்ப்பாணம் இலங்கையில் எனின் ஐரோப்பாவில், இலங்கையில்தான், ஆகவே ஐரோப்பாவில்.' இதை 'வாய்ப்பற்றது' என்று வெட்டிவிடும். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். முடிவு அபத்தம்; வாதமோ அப்பழுக்கற்ற விதித்து விதித்தல், அதாவது முன்னடையை ஏற்றுப் பின்னடைக்கு வருவது. எடுகூற்றின் பொய்க்கு வடிவத்தைத் தண்டிப்பதா? ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு 'ப எனின் ம' என்று எழுதிப் பாருங்கள். முடிவை நம்புவதா வேண்டாமா என்ற பேச்சே எழாது.

முன்னடையை மறுத்தல்

சென்னை இலங்கையில் இல்லை, ஆகவே ஆசியாவில் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும்.

மறுத்து மறுத்தலை மறப்பது

'நெருப்பில்லாமல் புகையாது' என்று எல்லாரும் சொல்வோம். புகை எனின் நெருப்பு, நெருப்பில்லை, ஆகவே புகையில்லை. பின்னடையை மறுத்து முன்னடையையும் மறுக்கும் இதுதான் மறுத்து மறுத்தல். பேச்சில் சரளமாக வருவது தாளில் வராது. 1966இல் உளவியலாளர் பீட்டர் வேசன் நான்கு அட்டைகளை வைத்து இதைச் சோதித்தார். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டை எண், ஓர் ஒற்றை எண். விதி இது: உயிரெழுத்து எனின் பின்னால் இரட்டை எண். இதைச் சரிபார்க்க எவற்றைப் புரட்டவேண்டும்? பலர் உயிரெழுத்தையும் இரட்டை எண்ணையும் புரட்டினார்கள். பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதியை உடைத்துவிடக்கூடிய ஒற்றை எண்ணைப் பெரும்பாலோர் தொடவே இல்லை.

நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு என்று திருப்பிப் போடுகிறவர்களுக்கு பழைய இந்தியத் தருக்க மரபான நியாய நூலார் அன்றே பதில் வைத்திருக்கிறார்கள்: பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை.

உண்மை அட்டவணை

கூற்றுகள் உண்மையாகவும் பொய்யாகவும் அமையக்கூடிய எல்லா வகையையும் வரிசை வரிசையாக எழுதுவது இது. எடுகூற்றெல்லாம் உண்மை, முடிவு பொய். அப்படி ஒரு வரிசை கிடைத்தால் வாதம் வாய்ப்பற்றது, பேனாவை வைத்துவிடலாம்.